போர்டு எழுதுகிற வேலை

1

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்து பத்து வருடம் முடிந்துவிட்டதாம். எனக்கே நினைவில்லை, மனிதவளப் பிரிவு நினைவு வைத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டியில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். பெயர் என்றால் என் பெயர் அல்ல, அப்பா பெயர்.

அது ஒரு பழைய கூத்து. நான் செந்தில்குமார். அப்பா பெயர் கலியமூர்த்தி. ஊரில் இருந்தவரை அவர் எனக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளியோடு அடக்கமாக இருந்தார். ஆஸ்திரேலிய விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. வேறு வழியின்றி அப்பாவை முழுசாக இறக்கினேன். அன்றிலிருந்து அடிலெய்டு நகரத்தில் டாக்டர், பள்ளிக்கூடம், மின்சார வாரியம் எல்லோருக்கும் நான் மிஸ்டர் கலியமூர்த்திதான். ஊரில் அப்பா பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை நான். இங்கே வாரத்துக்கு நாலு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். இதை அப்பாவிடம் சொன்னபோது, "சரி விடு, நான் வராத ஊருக்கு என் பேராச்சும் போவட்டும்" என்றார்.

என் வேலை என்ன என்று எங்கள் ஊரான குரும்பலூரில் யாருக்கும் புரிந்ததில்லை. மக்கள் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் தொகையைப் பராமரிக்கிற நிறுவனம் எங்களுடையது. அதன் ஆப்பிலும் இணையதளத்திலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், அதில் என்ன எழுதியிருக்கவேண்டும், அழுத்தினால் அடுத்து என்ன வரவேண்டும் என்று முடிவு செய்கிற வடிவமைப்புக் குழுவுக்கு நான் தலைவன். இதை அப்பாவிடம் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விசாரிப்பவர்களிடம் தன் பாணியில் சொல்லிவிடுவார்: "பேங்க்கு மாதிரி ஒரு கம்பெனியில போர்டு எழுதுற வேலை."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பத்து வருடம் கழித்து யோசித்தால், கண்ணாடிக் கட்டியில் பொறித்திருக்கிற நீளமான பதவிப் பெயரைவிட அது சரியாகத்தான் இருக்கிறது.

2

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரம்பலூரை நடுவில் வைத்து ஒரு நடை வேப்பந்தட்டைப் பக்கம், ஒரு நடை அரியலூர்ப் பக்கம் என்று பெரும்பாலான நாட்கள் ஓடியவர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் போர்டைப் படிப்பார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். முன்னால் பெரிய எழுத்தில் வேப்பந்தட்டை என்று எழுதியிருக்கும். அதைத் தலையைத் தூக்கிப் படித்துவிட்டு, படியில் நிற்கிற கண்டக்டரிடம் வந்து, "வேப்பந்தட்டை போவுமா?" என்பார்கள். "போவும், ஏறுங்க" என்றதும் ஏறி, டிரைவரிடம் ஒரு முறை. உட்கார்ந்தபின் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "வேப்பந்தட்டைதானே?" என்று ஒரு முறை. மூன்றாவது ஆளும் ஆமாம் என்று சொன்னால்தான் பையை மடியிலிருந்து கீழே வைப்பார்கள். வாத்தியார், வக்கீல், காலேஜ் பெண்கள் யாரும் இதற்கு விலக்கில்லை.

பள்ளிக்கூடம் படிக்கிறபோது எனக்கு இது பெரிய மானக்கேடாகத் தெரிந்தது. அம்மாவோடு டவுனுக்குப் போகும்போது அவளும் இப்படித்தான் கேட்பாள், அதுவும் தன் புருஷன் வேலை பார்க்கிற பஸ்ஸிலேயே. "எழுதியிருக்கு இல்லம்மா" என்று பல்லைக் கடிப்பேன். "கேட்டா என்னடா, வாயா தேஞ்சுரும்?" என்பாள் அம்மா.

அப்பாவுக்கும் இது எரிச்சல்தான். அவர் ஒன்றும் சாந்தசொரூபி கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை போவும் போவும் என்று சொல்லி தொண்டை கட்டிப்போகிறது என்று வீட்டில் வந்து கத்துவார். இருநூறு என்பது அவர் கணக்கு, நான் எண்ணிப் பார்த்ததில்லை.

3

நான் பத்தாவது படித்த வருடம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா வந்து, சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டு வைத்தாள். வேண்டாம் என்றார். என்ன நடந்தது என்று அம்மா கேட்கக் கேட்கத்தான் வந்தது. நான் உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பெரம்பலூர் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம். அரியலூரிலிருந்து வந்த வண்டி அடுத்து வேப்பந்தட்டை போகவேண்டும். அப்பா டிக்கெட் கணக்கு எழுதுகிற பதற்றத்தில் இருந்திருக்கிறார். ஒரு ஆள் ஓடிவந்து, "அரியலூர் போவுமா சார்?" என்றிருக்கிறார். அப்பா நிமிராமலே, "போர்டு பாருங்க, படிக்கத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் போர்டைப் பார்த்தார். அரியலூர் என்றுதான் இருந்தது. வந்த நடையின் போர்டை அப்பா மாற்ற மறந்திருந்தார்.

கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்கு அப்பா போய்ச் சேர்வதற்குள் வண்டி வேப்பந்தட்டைப் பாதையில் இருக்கிற எசனையைத் தொட்டுவிட்டது. "அரியலூர் ஒண்ணு" என்று அந்த ஆள் சில்லறையை நீட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது.

"அவன் என்னைத் திட்டலடி. திட்டிருந்தாக்கூடப் பரவால்ல. 'எங்கம்மாவ எடுத்துருவாங்களே சார்'னு மட்டும் சொன்னான்" என்றார் அப்பா.

அந்த மனிதரின் அம்மா அன்று காலையில் இறந்திருக்கிறாள். தூக்குவதற்கு முன் முகம் பார்க்க ஓடிக்கொண்டிருந்தவர் அவர். அப்பா வண்டியை நிறுத்தி, எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி மறித்து, அந்தக் கண்டக்டரிடம் சொல்லி அவரை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தாரா, முகம் பார்த்தாரா என்பது தெரியவில்லை. அவர் பெயரும் கேட்டு வைக்கவில்லை. அதன்பிறகு பல வாரம் அரியலூர் நடை வரும்போதெல்லாம் அந்த முகம் படியேறுகிறதா என்று அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஏறவில்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்பா யாரிடமும் போர்டைப் பார்க்கச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், கேட்கலாமா என்று தயங்கி நின்றவர்களுக்கும், "போவும், ஏறுங்க" என்பார். அம்மாதான் மாதக்கணக்காகி அந்த வடு கொஞ்சம் ஆறியபின் அதைக் கேலியாக மாற்றினாள். குழம்பு கொதித்துவிட்டதா என்று யாராவது கேட்டால், "போர்டு பாருங்க" என்பாள். அப்பாவும் சிரித்துவிடுவார். சிரிக்காமல் இருந்தால் அது அப்படியே நெஞ்சில் கிடக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

4

இதெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளை நான். அப்படியும் அதே தப்பைச் செய்தேன், இன்னும் பெரிய போர்டாக எழுதி வைத்து.

இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். குழுவுக்குத் தலைவனாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கூப்பிடுவதைக் குறைக்கவேண்டும் என்பது எங்களுக்கு வந்த உத்தரவு. கேட்டுப் பார்த்ததில், விண்ணப்பத்தை ஆப்பில் அனுப்பிய பிறகு, அது வந்ததா என்று கேட்பதற்காக மட்டுமே பலர் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. திரையில் கிடைத்தது என்று பச்சை டிக்கோடு எழுதுங்கள், தொலைபேசி எண்ணை எடுத்துவிடுங்கள் என்றேன்.

என் குழுவில் லின் என்று ஒரு பெண். வியட்நாமியக் குடும்பம், இங்கேயே பிறந்தவள். வெளியிடுவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்ப்பது அவள் வேலை. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எண்ணை முழுசாக எடுத்துவிட வேண்டுமா?"

"தெளிவாக எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா அவர்களுக்கு?" என்றேன் நான். ஆங்கிலத்தில் சொன்னதால் அது யாருடைய வாக்கியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எண் போயிற்று. அழைப்புகள் குறைந்தன. எனக்குக் கைதட்டினார்கள்.

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தபாலில், கோடு போட்ட தாளில், கையால் எழுதியது. ஊர்ப்புறத்தில் தனியாக இருக்கிற டோரீன் என்ற அம்மாள் எழுதியிருந்தார். அவர் கணவர் இறந்துவிட்டார். அதை எங்கள் ஆப்பில் தெரிவித்து, இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து இணைத்திருக்கிறார். திரை, கிடைத்தது என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் கணவர் பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. முந்தின வாரம் எங்களிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டையும் வந்திருக்கிறது, கணவருக்குப் பிறந்தநாளாம். 'யாரிடம் கேட்பது என்று தேடினேன். எண் எதுவும் அகப்படவில்லை' என்று முடித்திருந்தார்.

தோண்டிப் பார்த்ததில் விஷயம் எளிது. அவர் எடுத்த படம் அளவுக்கு மீறிப் பெரியது. அது எங்களை வந்து சேரவே இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தியதுமே, வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல், கிடைத்தது என்று காட்டும்படி அமைக்கச் சொன்னவன் நான். காக்க வைத்தால் மக்களுக்குச் சலிப்பு வரும் என்பது என் மேதாவித்தனம். அவரைப்போல இன்னும் சிலர் இருந்ததும் தெரியவந்தது.

எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரியான ஹெதர் கூட்டம் கூட்டினார். அறிக்கை தயாராக இருந்தது. சோதனையில் குறை என்று ஒரே வரி. சோதனை என்றால் லின். அவள் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் யோக்கியதையைப் பற்றிப் பெருமையாக எழுத முடியாது. அந்த வாரம்தான் எங்கள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் கடிதம் வரவேண்டியிருந்தது. ஹெதர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நானும் மனைவி சுமதியும், இங்கே மழலையர் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகள் கயலும் பெட்டி கட்டவேண்டியதுதான். பேசாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. நிஜமாகவே பத்து நிமிடம் பேசாமல்தான் இருந்தேன்.

அப்புறம் அந்த ஆளின் குரல் கேட்டது. நான் பார்த்தே இராதவர், அப்பா சொல்லக் கேட்டவர். எங்கம்மாவ எடுத்துருவாங்களே சார்.

"எனக்கு ஒரு டவுட்" என்றேன் கையைத் தூக்கி. ஊரில் கேள்வி கேட்கத் தொடங்குகிற விதம் அது. இங்கே அதற்கு, உங்களை நான் நம்பவில்லை என்று பொருள். அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஹெதரின் புருவம் ஏறியது. அந்தக் கலவரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லின் கேட்டாள், நான்தான் மறுத்தேன், டிக்கையும் நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன் என்றேன். ஆங்கில வினைச்சொற்கள் முன்னும் பின்னுமாக விழுந்தன. யாரும் திருத்தவில்லை.

ஹெதர் டோரீன் அம்மாளின் கடிதத்தை எடுத்தார். அதை என் பக்கம் தள்ளி, "அப்படியென்றால் அவரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும்" என்றார்.

5

தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவது எனக்கு இன்றைக்கும் உதறல்தான். நேரில் என்றால் கை, கண் எல்லாம் உதவிக்கு வரும். அன்றைக்கு சொல்லவேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

டோரீன் அம்மாளிடம் யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "இப்போது அது வந்துவிட்டதா?" என்றுதான் கேட்டார்.

படத்தை வேறு வழியாக வாங்கி, நான் அருகிலேயே நின்று பதிவு செய்ய வைத்திருந்தேன். "வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்" என்றேன்.

கணவர் எப்போதும் தோட்டத்தில் நிற்பார் என்றும், அந்த வாழ்த்து அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை அலமாரியில் வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில், "நிச்சயமாக வந்துவிட்டதுதானே?" என்றார். நிச்சயமாக என்றேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் மூன்றாவது முறையும் கேட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலிருந்தது எனக்கு. "வந்துவிட்டது அம்மா, இனி அவர் பெயருக்கு எதுவும் வராது" என்றேன். அம்மா என்பது தமிழில் வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நன்றி மிஸ்டர் கலியமூர்த்தி" என்றார். பெயரை நாலு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஜாக்கிரதையாக எடுத்து வைத்தார். அந்த நன்றி எனக்கு உரியதல்ல என்று தோன்றியது. அது போய்ச் சேரவேண்டியவர் குரும்பலூரில் இருந்தார். அன்று ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் ஹெதர் கூப்பிட்டு உறையைக் கொடுத்தார். வசிப்புரிமைக்கான கடிதம். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி, அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள். "கூட்டத்துக்குப் பிறகு கிழித்துப் போடுவீர்கள் என்று நினைத்தேன்" என்றேன். "எதற்கு?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசினது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நல்லதுகளை வரிசை போட்டால் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் முதலில் வைப்பேன்.

லின் இப்போது எங்கள் நிறுவனத்திலேயே இன்னொரு குழுவுக்குத் தலைவி. கேக் வெட்டிய அன்று முதல் துண்டை அவள்தான் எனக்கு ஊட்டினாள். தொலைபேசி எண் எங்கள் ஆப்பில் எல்லாப் பக்கத்திலும் தலைமாட்டில் நிற்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று வருடத்துக்கு ஒரு முறை யாராவது புதிதாக வந்து சொல்வார்கள். நான் அவர்களை உட்கார வைத்து ஒரு பஸ்ஸின் கதையைச் சொல்வேன். இப்போதெல்லாம் பழைய ஆட்களே என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். எசனை என்ற ஊர்ப் பெயரை அவர்கள் சொல்கிற அழகை எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கவேண்டும்.

6

கேக் வெட்டியதற்கு அடுத்த நாள் அப்பாவின் முறை. உயிரோடு இருக்கிறேன் என்று அவர் வருடா வருடம் பென்ஷனுக்குச் சான்று தரவேண்டும். இப்போது அதைக் கைபேசியிலேயே முகம் காட்டிச் செய்துவிடலாம். நான் இங்கிருந்து வீடியோவில் வழி சொல்ல, அப்பா ஒரு போனில் என்னைப் பார்த்துக்கொண்டு அம்மாவின் போனில் முகத்தைக் காட்டினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அப்பா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். "பொணம் மாதிரி மூடாதீங்க, அப்புறம் எப்படி உசுரோட இருக்கீங்கன்னு நம்புவாங்க?" என்றாள் அம்மா பின்னாலிருந்து. ஒரு வழியாகப் பச்சை டிக் வந்தது.

"போயிருச்சா?" என்றார் அப்பா.

"டிக் வந்திருச்சேப்பா."

"அது சரி. போயிருச்சா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது, போர்டு பாருங்க என்று. விழுங்கிக்கொண்டேன். பத்து வருடமாக இந்த டிக்கைப் போடுகிறவன் நான். அதற்குப் பின்னால் என்ன இருக்கும், என்ன இல்லாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும்.

"போயிருக்கும்பா. ஆனா எனக்கு இங்கேருந்து தெரியாது. நாளைக்கு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க" என்றேன்.

"இதுக்குத்தான் இவன வெளிநாட்டுக்கு அனுப்புனமாக்கும்" என்றாள் அம்மா. அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி தெரிந்தது.

மறுநாள் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பிற்பகல், அங்கே முற்பகல். கயல் பள்ளியிலிருந்து வந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவிடம் பேசு என்றால், "தாத்தா, சாப்ட்டீங்களா?" என்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிடுவாள். அதற்குமேல் அவளிடம் தமிழ் இல்லை, அல்லது இருக்கிறதை எடுக்கக் கூச்சம். அதை நினைத்து நான் வருந்தாத நாளில்லை.

அப்பா குரும்பலூர் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "பஸ்ஸுக்கு நிக்கறேன். பெரம்பலூர் போயிட்டு வந்து சொல்றேன்" என்றவர், பஸ் வந்த அவசரத்தில் அழைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். துணி உரசுகிற சத்தம், இன்ஜின் உறுமல், யாரோ யாரையோ தள்ளிப்போகச் சொல்வது எல்லாம் எங்கள் சமையலறைக்குள் கேட்டது. அதற்கு நடுவே அப்பாவின் குரல்.

"பெரம்பலூர் போவுமாங்க?"

"போவும், ஏறுங்க பெரியவரே" என்றது ஓர் இளம் குரல்.

கயல் மெல்லுவதை நிறுத்தினாள். "தாத்தா அந்தப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் என்று சொன்னாயே. அவருக்கே தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"பிறகு ஏன் கேட்கிறார்?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா சீட்டில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவரிடம் மறுபடி கேட்டார்: "பெரம்பலூர்தானம்மா?"

அந்தப் பெண் பதில் சொன்னாளா என்று தெரியவில்லை, இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கயல் காத்திருந்தாள். இரண்டு நொடி, மூன்று நொடி. பிறகு மேசைமேல் சாய்ந்து, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பஸ்ஸில் கேட்ட அதே ராகத்தில் சொன்னாள்.

"போவும் தாத்தா, உக்காருங்க."

சட்டைப் பைக்குள் இருந்த போன் வழியாக அது அப்பாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. கண்டக்டரின் விசில் கேட்டது, பஸ் நகர்ந்தது. அவர் பெரம்பலூரில் இறங்குகிறவரை நாங்கள் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.